கடைசி மாநிலம் வரை: ஹிலாரி 2008, சாண்டர்ஸ் 2016

மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களின் மாநிலம். 2008 மே 13 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அந்த மாநிலத்தார் ஹிலாரி கிளிண்டனுக்கு 67 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். பராக் ஒபாமாவுக்குக் கிடைத்தது 26 சதவீதம்தான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 மே 10 அன்று, அதே மாநிலம் ஹிலாரியைக் கைவிட்டு பெர்னி சாண்டர்ஸுக்கு 51 சதவீதம் கொடுத்தது, ஹிலாரிக்கு 36. அங்குள்ள 55 கவுண்டிகளில் ஒன்றுகூட விடாமல் சாண்டர்ஸ் முன்னிலை பெற்றார். இரண்டு முறையும் அங்கே வென்றவர் நாடு தழுவிய கணக்கில் பின்தங்கியிருந்தவர். அந்த வெற்றியால் இறுதி முடிவு மாறப்போவதில்லை என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். அப்படியும் லட்சக்கணக்கானோர் வந்து வாக்களித்தார்கள். அந்த வாரங்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுக்குள் ஓயாமல் நடந்தது ஒரே வாக்குவாதம்தான்: தோற்பது உறுதியான பிறகும் ஒருவர் ஏன் களத்தில் நிற்க வேண்டும்?

இந்த இரண்டு தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தூண்டுவது ஹிலாரி இரண்டிலும் இருப்பது. 2008இல் விலகச் சொல்லி நெருக்கப்பட்டவர் அவர். 2016இல் அவருடைய ஆதரவாளர்கள்தாம் சாண்டர்ஸை விலகச் சொன்னார்கள். முதல் தடவை "கடைசி ஓட்டு வரை" என்று முழங்கியவர்களில் பலர் இரண்டாம் தடவை "கணக்கு முடிந்துவிட்டது" என்றார்கள். முதல் தடவை கணக்குப் பேசிய இளைஞர்களில் பலர் இரண்டாம் தடவை கடைசி ஓட்டைப் பற்றிப் பேசினார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இடம் மாறி நின்று பார்க்கும்போதுதான் இரண்டு வாதங்களிலும் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்று தெரிகிறது.

நம் ஊரில் வேட்பாளரைக் கட்சி மேலிடம் அறிவிக்கும். தொண்டர்கள் சுவர் விளம்பரம் எழுதப் போவார்கள். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது வாக்காளரின் வேலை. 2008இலும் 2016இலும் ஆண்டின் தொடக்கத்தில் அயோவாவில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக அது நடந்தது. பெரும்பாலான இடங்களில் வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போடும் பிரைமரி. சில இடங்களில் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ கூடி ஆதரவைக் காட்டும் காகஸ். கிடைத்த வாக்குக்கு ஏற்பப் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். கோடையில் கூடும் மாநாட்டில் அவர்கள் வேட்பாளரை முறைப்படித் தேர்ந்தெடுப்பார்கள். இவர்களோடு சூப்பர் டெலிகேட்டுகள் என்றொரு கூட்டமும் உண்டு. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் அடங்கிய இவர்கள் எந்த மாநில முடிவுக்கும் கட்டுப்படாமல் தமக்குப் பிடித்தவரை ஆதரிக்கலாம். 2008இல் ஏறக்குறைய 800 பேர், அதாவது மாநாட்டு வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு. 2016இல் 700க்குச் சற்று மேல்.

விலகல் பேச்சு ஏன் மார்ச் மாதத்திலேயே கிளம்பிவிடுகிறது என்பதற்குக் காரணம் ஜனநாயகக் கட்சியின் பங்கீட்டு விதியில் இருக்கிறது. அங்கே வென்றவருக்கே எல்லாம் என்பது கிடையாது. 15 சதவீத வாக்கைத் தாண்டியவர்களுக்கு விகிதாசாரப்படி பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். 100 பிரதிநிதிகள் உள்ள மாநிலத்தில் ஒருவர் 55-45 என்று வென்றால் அவருக்கு மிச்சமாவது பத்துப் பேர். ஆகவே ஒருமுறை முந்திவிட்டவரைப் பிடிப்பது மிகக் கடினம். 2008 பிப்ரவரியில் ஒபாமா தொடர்ந்து பதினொரு இடங்களில் வென்று முந்தினார். அதன் பிறகு ஹிலாரி ஒஹையோவை வென்றார், பென்சில்வேனியாவை வென்றார், டெக்சஸ் பிரைமரியையும் வென்றார். டெக்சஸில் அன்றிரவே காகஸும் நடந்ததால், அந்த மாநிலத்தில் மொத்தமாக அதிகப் பிரதிநிதிகள் போய்ச் சேர்ந்தது ஒபாமாவிடம். 2016 மார்ச் 8இல் இதைவிடத் தெளிவாக நடந்தது. எல்லாக் கருத்துக்கணிப்புகளையும் பொய்யாக்கி சாண்டர்ஸ் மிச்சிகனை மயிரிழையில் பிடித்தார். நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே இரவு மிசிசிப்பியில் ஹிலாரி 80 சதவீதத்துக்கு மேல் வாங்கியதால், அன்றைய கூட்டிக் கழித்தலில் அவருடைய முன்னிலை கூடியதே தவிரக் குறையவில்லை.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது போதும். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் "முடிந்துவிட்டது" என்று சொல்லும் நாளில் பத்துப் பதினைந்து மாநிலங்கள் இன்னும் வாக்களித்திருக்காது.

2008இல் அந்தப் பேச்சைப் பெரிய இடத்திலிருந்து தொடங்கி வைத்தவர் வெர்மாண்ட் செனட்டர் பேட்ரிக் லீஹி. மார்ச் 28 அன்று ஹிலாரி விலக வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். குடியரசுக் கட்சியில் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4ஆம் தேதியே வேட்பாளராக உறுதியாகிவிட்டிருந்தார். நம்மவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள அவர் நிம்மதியாக நாட்டைச் சுற்றி வருகிறாரே என்ற பதைப்பு ஒபாமா ஆதரவாளர்களிடம் இருந்தது. கறுப்பின வாக்காளர்களிடம் இன்னொரு அச்சமும் இருந்தது: ஓட்டில் ஜெயித்ததைக் கடைசி நேரத்தில் கட்சிப் பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து பறித்துவிடுவார்களோ? வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த அச்சம் மிகையாகத் தோன்றாது.

ஆனால் சாதாரண வாக்காளர்கள் லீஹி அளவுக்கு அவசரப்படவில்லை. அந்த மாத இறுதியில் ராஸ்முஸன் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் 22 சதவீதம் பேர் ஹிலாரி விலக வேண்டும் என்றார்கள். அதே அளவு, 22 சதவீதம் பேர், ஒபாமா விலக வேண்டும் என்றார்கள்! மிச்சமிருந்த பெரும்பான்மைக்கு இருவருமே போட்டியில் தொடர்வதில் மறுப்பில்லை. ஒபாமாவும் இதைப் புரிந்துகொண்டவராக, ஹிலாரி விரும்பும்வரை போட்டியிடலாம் என்று பென்சில்வேனியாவில் சொன்னார். முந்தியிருப்பவர் சொல்லவேண்டிய சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். விலகச் சொல்லும் உரிமை முந்தியிருப்பவருக்குக் கிடையாது. இன்னும் ஓட்டுப் போடாதவர்களின் ஓட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு அது சமம்.

ஹிலாரியின் ஆதரவாளர்களில் பெண்கள், அதிலும் நடுவயதைக் கடந்தவர்கள், இதைத் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துக் கேட்டார்கள். அலுவலகத்தில் தாங்கள் பயிற்சி கொடுத்த இளைஞன் தங்களுக்கு மேலதிகாரியாக வருவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுதும் வாக்குரிமை உறுதியான 1920ஆம் ஆண்டுக்கு முன்பு பிறந்த மூதாட்டிகள்கூட அன்று உயிரோடு இருந்தார்கள். சில நூறு பிரதிநிதிகள்கூட வித்தியாசமில்லாத போட்டியில் "போதும், இடத்தை விடு" என்ற குரல் முதலில் ஒரு பெண்ணை நோக்கி வந்தது அவர்களைச் சுட்டது. ஓர் ஆண் இதே நிலையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது: சொன்னார்கள், அதே வேகத்தில் சாண்டர்ஸிடமும் சொன்னார்கள். ஆனால் இரண்டு போட்டிகளும் ஒரே அளவு நெருக்கமானவையல்ல. 2008இல் தேர்தலில் வென்ற பிரதிநிதிகளில் ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் இடைவெளி நூற்றுச் சொச்சம்தான். வாங்கிய மொத்த வாக்குகளோ ஆளுக்கு ஏறக்குறைய 1.8 கோடி. எந்த மாநிலத்தைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதைப் பொறுத்து யார் முன்னால் என்பதே மாறும். 2016இல் ஹிலாரி 1.69 கோடி, சாண்டர்ஸ் 1.32 கோடி, பிரதிநிதிகளில் இடைவெளி சுமார் 360. பெண்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்று நான் கருதுவது இதனால்தான்.

2008 மே 6 அன்று வடக்கு கரோலினாவில் ஒபாமா பெரிய வித்தியாசத்தில் வென்றார். இண்டியானாவில் ஹிலாரி நூலிழையில் தப்பினார். மறுநாள் அவருடைய ஆதரவாளராக இருந்த ஜார்ஜ் மெக்கவர்னே, விலகுவது நல்லது என்று சொல்லிவிட்டார். 1972இல் தோற்ற அதிபர் வேட்பாளர் அவர். தோல்வியின் வலி தெரிந்தவர். ஹிலாரி தன் சொந்தப் பணத்திலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் பிரச்சாரத்துக்குக் கடன் கொடுத்திருந்தார். பணமும் இல்லை, கணக்கும் இல்லை. அவர் விலகவில்லை.

நின்றது தவறல்ல. அந்த மே மாதத்தில் அவர் பேசியவற்றில் சில தவறு. தனக்குத்தான் உழைக்கும் வெள்ளையர்களின் ஆதரவு இருக்கிறது என்ற பொருள்பட ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். ஜூன் வரை போட்டி நீள்வது புதிதல்ல என்று காட்ட, 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்தார். ஒபாமாவின் உயிருக்கு என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு நாளும் அஞ்சிக்கொண்டிருந்த குடும்பங்கள் அதைக் கேட்டன.

மிச்சிகன் விவகாரம் இன்னும் ஆழமானது. கட்சி விதித்த கால அட்டவணையை மீறி மிச்சிகனும் ஃபுளோரிடாவும் ஜனவரியிலேயே பிரைமரி நடத்தின. தண்டனையாகக் கட்சி அவற்றின் பிரதிநிதிகள் அனைவரையும் நீக்கியது. ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். அந்த வாக்குப்பதிவுக்கு எந்த மதிப்பும் இருக்காது என்று 2007இல் ஹிலாரியே வானொலியில் சொன்னவர். பின்தங்கிய பிறகு அந்த இரண்டு மாநில வாக்குகளையும் முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டார். ஃபுளோரிடாவில் பேசும்போது அந்தக் கோரிக்கையை அடிமை ஒழிப்பு, பெண் வாக்குரிமை, கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் ஆகியவற்றின் வரிசையில் வைத்தார். மே 31 அன்று வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் கட்சியின் விதிக்குழு கூடியது. அரங்கு நிறைய ஆதரவாளர்கள். கூச்சல், கண்ணீர், எதிர்ப்பு. பிரதிநிதிகளுக்குத் தலைக்கு அரை ஓட்டு என்று குழு முடிவு செய்து, மிச்சிகனை 69-59 என்று இருவருக்கும் பிரித்தது. வாக்குச்சீட்டில் பெயரே இல்லாதவருக்குப் பங்கு கொடுப்பதா என்று ஹிலாரியின் ஆலோசகர் ஹெரால்ட் இக்ஸ் கொதித்தார். "டென்வர்! டென்வர்!" என்ற கோஷம் எழுந்தது. ஆகஸ்ட் மாநாடு டென்வரில். அதுவரை சண்டை தொடரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

விளையாட்டு முடியும் நேரத்தில் கோட்டை மாற்றிப் போடச் சொல்வது போன்றது அது. மிச்சிகன் வாக்காளர்கள் மேல் எனக்கு மிகுந்த பரிவு உண்டு. மாநிலத் தலைவர்கள் செய்த மீறலுக்கு அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் வீட்டிலேயே இருந்துவிட்ட மிச்சிகன்காரரும் ஒரு வாக்காளர்தான். அவருக்காக அன்று பேசியவர்கள் குறைவு.

2016இல் சண்டையின் நிறம் வேறு. சாண்டர்ஸ் தோற்றது தெளிவாக. ஆனால் அவருடைய ஆட்களின் குறை நியாயமான இடத்தில் தொடங்கியது. ஒருவரும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே, 2015 நவம்பரில், 350க்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகள் ஹிலாரிக்கு ஆதரவு சொல்லிவிட்டார்கள். தொலைக்காட்சிகள் அந்த எண்ணையும் சேர்த்தே முன்னிலையைக் காட்டின. முதல் நாளிலிருந்தே மலையேறுவது போல் தோன்றும்படி செய்துவிட்டார்கள் என்று இளைஞர்கள் கொதித்தார்கள். விவாதங்களைக் கட்சி குறைவாக வைத்தது. சிலவற்றை யாரும் பார்க்காத சனிக்கிழமை இரவில் வைத்தது. நியூயார்க்கில் கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ள விரும்பியவர்கள் ஏப்ரல் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே, அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும். சாண்டர்ஸின் பெயர் பலருக்கு அப்போது தெரியவே தெரியாது. புரூக்லினில் லட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது வாக்குப்பதிவன்று வெளிச்சத்துக்கு வந்தது.

இவற்றுக்கெல்லாம் மேல் ஜூன் 6 இரவு நடந்தது. மறுநாள் கலிஃபோர்னியா வாக்களிக்க இருந்தது. 475 பிரதிநிதிகள் கொண்ட மிகப் பெரிய மாநிலம். முந்தைய இரவே அசோசியேட்டட் பிரஸ் சூப்பர் டெலிகேட்டுகளைத் தொலைபேசியில் விசாரித்துக் கணக்குப் போட்டு, ஹிலாரி வேட்பாளராகிவிட்டார் என்று செய்தி வெளியிட்டது. காலையில் எழுந்து வாக்குச்சாவடிக்குக் கிளம்பிய கலிஃபோர்னியாக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஹிலாரியின் ஆதரவாளர்களுக்கே அது பிடிக்கவில்லை. முதன்முதலாக ஒரு பெண் பெரிய கட்சியின் வேட்பாளராகும் நாளைத் தங்கள் ஓட்டால் கொண்டாட விரும்பியவர்கள் அவர்கள். கடைசியில் ஹிலாரி அந்த மாநிலத்தில் 53 சதவீதத்தோடு வென்றார். அந்தச் செய்தி இல்லாமலே வென்றிருப்பார்.

சாண்டர்ஸின் வாதம் சரிந்த இடம் வேறு. தெற்கத்திய மாநிலங்களில் ஹிலாரி குவித்த வாக்குகள் நாட்டின் பழமையான பகுதியின் வாக்குகள், நவம்பரில் நமக்குக் கிடைக்கப்போகாத மாநிலங்கள் என்று அவரும் அவரது அணியும் ஏப்ரலில் பேசினார்கள். தெற்கு கரோலினாவில் ஹிலாரிக்கு 73 சதவீதம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜனநாயகக் கட்சியைத் தலைமுறைகளாகத் தாங்கிவரும் அந்த மக்களின் ஓட்டைப் பழமை என்று ஒதுக்கினால், ஐடஹோவிலும் யூட்டாவிலும் சாண்டர்ஸ் பெற்ற வெற்றியையும் அல்லவா ஒதுக்க வேண்டும்? அவையும் நவம்பரில் கிடைக்காத மாநிலங்கள்தாம். 2008இல் ஹிலாரி வெள்ளைத் தொழிலாளர்களைச் சுட்டிக்காட்டி ஒபாமாவின் கறுப்பின ஆதரவை இளக்காரமாக எடைபோட்டதும் இதே பிழைதான். பின்தங்கியவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் இந்தப் பக்கம் சறுக்குகிறார்: எல்லா ஓட்டும் சமம் என்று தொடங்குகிறார், தனக்கு எதிராக விழுந்த ஓட்டு கொஞ்சம் எடை குறைவு என்று முடிக்கிறார்.

சூப்பர் டெலிகேட் விஷயத்திலும் அப்படியே. ஹிலாரி 2008 மே மாதத்தில் அவர்களிடம் சொன்னது: பிரதிநிதிக் கணக்கைப் பார்க்காதீர்கள், மெக்கெய்னைத் தோற்கடிக்க வல்லவரைப் பாருங்கள். ஓராண்டு முழுதும் சூப்பர் டெலிகேட் முறையே ஜனநாயக விரோதம் என்று முழங்கிய சாண்டர்ஸ் 2016 மே மாதத்தில் அவர்களிடம் சொன்னது: கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள், டிரம்பைத் தோற்கடிக்க வல்லவன் நான்தான். நவம்பரில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது இன்று கூர்மையாகக் கேட்கலாம். அப்படியும் என்னால் ஏற்க முடியவில்லை. 37 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியவரை விட்டுவிட்டுச் சில நூறு தலைவர்கள் இன்னொருவரை எடுத்திருந்தால், மிசிசிப்பியில் வரிசையில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

முடித்த விதத்தில்தான் இருவரும் மிகவும் வேறுபடுகிறார்கள்.

2008 ஜூன் 3 அன்று கடைசி இரு மாநிலங்கள், மொன்டானாவும் தெற்கு டகோட்டாவும், வாக்களித்தன. அன்றிரவு ஒபாமா தேவையான எண்ணைத் தாண்டினார். நியூயார்க்கின் பரூக் கல்லூரியில், தரைமட்டத்துக்குக் கீழே இருந்த உடற்பயிற்சி அரங்கில், ஹிலாரி பேசினார். கைப்பேசி எட்டாத அந்த அரங்கில் மீண்டும் டென்வர் கோஷம். தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை; இன்றிரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றார். வெளியே கடும் கண்டனம். ஆனால் நான்கே நாளில், ஜூன் 7 சனிக்கிழமை, வாஷிங்டனின் தேசியக் கட்டட அருங்காட்சியகத்தில் பெருந்திரளின் முன்னே நின்று ஒபாமாவை முழு மனதோடு ஆதரித்தார். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் அழுதார்கள். அவர் நிறுத்தவில்லை. தனக்குக் கிடைத்த 1.8 கோடி வாக்குகளை பெண்கள் மேலேறுவதைத் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் விழுந்த 1.8 கோடி விரிசல்களாகச் சொன்னார். தோற்றவர்களுக்கு அவர்கள் செய்தது வீண்போகவில்லை என்று சொல்லியும், தோற்றோம் என்பதை மறைக்காமலும் பேசிய உரை அது. அந்த மாதமே நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்னும் சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். ஜனவரியில் அந்த ஊர் இருவருக்கும் சரியாக ஆளுக்கு 107 ஓட்டுப் போட்டிருந்தது. டென்வர் மாநாட்டில் மாநிலவாரி வாக்கெடுப்பைப் பாதியில் நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கத் தீர்மானம் முன்மொழிந்தவரும் ஹிலாரிதான்.

சாண்டர்ஸ் 2016 ஜூன் 7 இரவு சாண்டா மோனிகா விமான நிலையத்தின் கொட்டகை ஒன்றில் பேசினார். ஹிலாரியிடம் தொலைபேசியில் பேசி வாழ்த்துச் சொன்னதாக அவர் குறிப்பிட்டபோது கூட்டம் கத்தி எதிர்த்தது. ஒரு வாரத்தில் தலைநகர் வாஷிங்டனில் நடந்த கடைசிப் பிரைமரியிலும் ஹிலாரியே வென்றார். அதன் பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் சாண்டர்ஸ் ஆதரவு அறிவிக்கவில்லை. அந்த நான்கு வாரமும் வீண் பிடிவாதம் என்று ஹிலாரி தரப்பு சொன்னது. அன்று நான்கு நாளில் ஹிலாரி செய்ததை இவரால் ஏன் செய்ய முடியவில்லை என்று ஒப்பிட்டார்கள். ஒப்பீடு பாதிதான் பொருந்துகிறது. ஹிலாரிக்கும் ஒபாமாவுக்கும் கொள்கையில் பெரிய இடைவெளி கிடையாது. பேரம் பேச அதிகம் எதுவுமில்லை. சாண்டர்ஸ் ஒரு கொள்கைப் பட்டியலோடு வந்தவர். கட்சியின் கொள்கை அறிக்கையை எழுதும் 15 பேர் குழுவில் அவருக்கு ஐந்து இடம் கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர் என்பது அறிக்கையில் ஏறியது. ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை என்று ஹிலாரியும் தன் திட்டத்தை மாற்றினார். சராசரியாக 27 டாலர் அனுப்பி அந்தப் பிரச்சாரத்தை நடத்திய மக்களுக்குக் கிடைத்த கைப்பொருள் அது. ஜூன் 8ஆம் தேதி விலகியிருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. ஜூலை 12 அன்று போர்ட்ஸ்மவுத்தில் ஹிலாரியின் பக்கத்தில் நின்று ஆதரவு சொன்னார்.

பேரம் பேசியதில் எனக்குக் குறையில்லை. அந்த வாரங்களில் தன் மக்களிடம் ஒரு விஷயத்தை அவர் போதுமான தெளிவோடு சொல்லவில்லை: நம் குறைகள் உண்மை, ஆனால் அந்தக் குறைகள் 37 லட்சம் ஓட்டு வித்தியாசத்தை விளக்காது. அதைச் சொல்லாததால், கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் ஜூலை 22 அன்று வெளியிட்டபோது, எல்லாமே திருடப்பட்டது என்ற எண்ணம் பற்றிக்கொண்டது. அந்த அஞ்சல்களில் தலைமையக ஊழியர்களின் ஒருதலைப்பட்சம் அப்பட்டமாகத் தெரிந்தது. கட்சித் தலைவர் டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். ஜூலை 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் தன் பிரதிநிதிகளைக் கூட்டி, ஹிலாரியை வெற்றிபெறச் செய்ய வேண்டும் என்று சாண்டர்ஸ் சொன்னார். அவருக்காகவே ஊர் ஊராகக் கதவு தட்டியவர்கள், அவரை நோக்கியே கத்தினார்கள். மறுநாள், 2008இல் ஹிலாரி செய்ததைப் போலவே, ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். ஒரு பகுதியினர் அரங்கை விட்டு வெளியேறினார்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: இந்தப் பிடிவாதங்கள் நவம்பரில் கட்சியைத் தோற்கடித்தனவா? 2016இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000க்கும் குறைவான ஓட்டில் ஹிலாரி தோற்றார். பிரைமரியில் சாண்டர்ஸுக்கு வாக்களித்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் டிரம்புக்குப் போட்டதாக ஒரு பெரிய வாக்காளர் ஆய்வு சொன்னது. இதை வைத்து சாண்டர்ஸ் மேல் பழி போடுவோர் இன்றும் உண்டு. ஆனால் 2008க்கான ஆய்வுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும்: ஹிலாரிக்குப் பிரைமரியில் போட்டவர்களில் மெக்கெய்னுக்கு மாறியவர்கள், கணக்கிடும் முறையைப் பொறுத்து, 15 முதல் 25 சதவீதம் வரை. நான்கு நாளில் மனமார விட்டுக்கொடுத்தவரின் ஆட்கள்தாம் அதிகம் மாறினார்கள். நான்கு வாரம் இழுத்தவரின் ஆட்கள் குறைவாக மாறினார்கள். 2008இல் ஒபாமா 365 தேர்வாளர் குழு வாக்குகளோடு வென்றதால் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மாறியவர்களில் கணிசமானோர் முதலிலிருந்தே கட்சியோடு ஒட்டாதவர்கள். வேட்பாளர் எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டார் என்பதைப் பார்த்து அவர்கள் ஓட்டை முடிவு செய்யவில்லை.

நீண்ட போட்டி கட்சிக்குக் கொடுத்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2008 பிப்ரவரியில் முடிந்திருந்தால், மே 6 அன்று வாக்களித்த இண்டியானாவையும் வடக்கு கரோலினாவையும் இருவரில் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹிலாரி விலக மறுத்ததால் இரு தரப்பும் அங்கே அலுவலகம் திறந்தது, ஆள் சேர்த்தது, புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தது. நவம்பரில் ஒபாமா இரண்டையும் வென்றார். இண்டியானா 1964க்குப் பிறகும் வடக்கு கரோலினா 1976க்குப் பிறகும் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. வடக்கு கரோலினாவில் வித்தியாசம் ஏறக்குறைய 14,000 ஓட்டு.

2018 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய கட்சியின் தேசியக் குழு, போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்க முடியாது என்று விதியை மாற்றியது. சாண்டர்ஸின் ஆட்கள் வெறுங்கையோடு போகவில்லை.

2020இல் சாண்டர்ஸ் மறுபடி பின்தங்கினார், இம்முறை ஜோ பைடனிடம். கொரோனா பரவிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 7 அன்று விஸ்கான்சின் வாக்குப்பதிவு. மில்வாக்கி நகரில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள் இருக்கும், அன்று திறந்தவை ஐந்து. முகக்கவசத்தோடு மணிக்கணக்கில் வரிசை. மறுநாள் சாண்டர்ஸ் பிரச்சாரத்தை நிறுத்தினார். அந்த நிலையில் அதைத் தவிர வேறு செய்திருக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் மாநிலங்களின் வாக்குச்சீட்டில் தன் பெயர் இருக்கட்டும், கொள்கை அறிக்கைக்காகப் பிரதிநிதிகளைச் சேர்ப்போம் என்றார். போட்டிதான் இல்லையே என்று நியூயார்க் மாநிலத் தேர்தல் வாரியம் அவர் பெயரை நீக்கி, அதிபர் பிரைமரியையே ரத்து செய்தது. முன்பே விலகியிருந்த இன்னொரு வேட்பாளர் ஆண்ட்ரூ யாங் வழக்குப் போட்டார். மே 5 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செல்லாது என்றது: வேட்பாளர் பிரச்சாரத்தை நிறுத்தியிருந்தாலும், மாநாட்டுக்குத் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை வாக்காளருக்கு இருக்கிறது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஜூன் 23 அன்று நியூயார்க் வாக்களித்தது. சீட்டில் சாண்டர்ஸின் பெயர் இருந்தது.